“முதல்ல ஒண்ணைப் பெத்துக்கோம்மா”: ஒரு விளக்கவுரை

வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி ஏறக்குறைய இப்படி இருக்கும்: “மாத்திரை சூடு, கர்ப்பப்பையைக் காய வச்சிடும். ஊசி போட்டா கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்கிடும். முதல்ல ஒண்ணைப் பெத்துக்கோம்மா.” புருஷனுக்கு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, கல்யாணக் கடன் இன்னும் அடையவில்லை, இரண்டு வருடம் போகட்டும் என்று நினைக்கிற பெண்ணின் காதில் இது விழுகிறது. அக்கறையில் வரும் பேச்சு என்பதால் துண்டு துண்டாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

“மாத்திரை சூடு, கர்ப்பப்பையைக் காய வச்சிடும்.”

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையைப் பாருங்கள். மூன்று வரிசையில் 21 வெள்ளை மாத்திரை. கடைசி வரிசையில் 7 பழுப்பு மாத்திரை. ஹார்மோன் இருப்பது வெள்ளையில். பழுப்பு வெறும் இரும்புச்சத்து. வெள்ளை மாத்திரை பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைப்பதால் சினைப்பை முட்டையை வெளியே விடுவதில்லை. கர்ப்பப்பையின் உட்சவ்வும் மெலிந்திருக்கும். நிறுத்தினால் அது மறுபடி வளரும். ஐரோப்பாவில் மாத்திரையை நிறுத்திய பெண்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், ஐந்தில் ஒருவர் ஒரே மாதவிடாய்ச் சுழற்சியில் உண்டானார். ஐந்தில் நால்வர் ஒரு வருடத்துக்குள்.

பிறகு பழி எங்கிருந்து வருகிறது? முன்பே சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்த பெண், மாத்திரை போடும்வரை மாதம் தவறாமல் ரத்தம் பார்ப்பாள். அது ஹார்மோன் குறையும் பழுப்பு வாரத்தில் வருவது. சினைப்பை சீரானதற்கு அடையாளம் அல்ல. நிறுத்தியதும் பழைய நீர்க்கட்டித் தொந்தரவு தலைகாட்டும். எல்லோரும் மாத்திரையைத்தான் திட்டுவார்கள்.

“ஊசி போட்டா கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்கிடும்.”

2017 முதல் அரசு ‘அந்தரா’ என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியை இலவசமாகத் தருகிறது. மருந்து தசையில் தங்கி மெல்லக் கரையும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பது அதனால்தான். பலருக்கு மாதவிடாய் நின்றுவிடும். ஆனால் எதுவும் தேங்குவதில்லை. சவ்வு வளரவில்லை, உதிர ஒன்றுமில்லை.

ஊசியில் வேறொரு விஷயம் உண்மை. கடைசி ஊசிக்குப் பிறகு கரு உண்டாகச் சராசரியாகப் பத்து மாதம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். எத்தனை வருடம் போட்டாலும் அந்தத் தாமதம் கூடுவதில்லை. இதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், நிறுத்தி ஆறு மாதம் ஆன பெண்ணை வீடே மலடி என்று பேசும். அந்தக் கொடுமையை ஐந்து நிமிடப் பேச்சில் தடுத்துவிடலாம். நிறுத்தியதும் சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவளுக்கு மாத்திரையோ காப்பர்-டியோ பொருத்தம்.

“முதல்ல ஒண்ணைப் பெத்துக்கோம்மா.”

வயது விஷயத்தில் இந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. முட்டை இருப்பு பிறக்கும்போதே முடிவானது. மாத்திரை அதைச் செலவழிக்காது, சேமித்தும் வைக்காது. முப்பதுகளின் நடுவில் வாய்ப்பு வேகமாகக் குறையும். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டு வருடத்தால் நஷ்டமில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் நம்பியிருப்பது கருத்தடை ஆபரேஷனை. நிரந்தரமான வழி அதுதான். அதற்கு யாரும் பயப்படுவதில்லை; நிறுத்தினால் தீரும் மாத்திரைக்குப் பயப்படுகிறோம்.

ஒரு வருடம் முயன்றும், 35 வயதைத் தாண்டியவர் ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. கணவரின் விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூட வேண்டாம். அதை முதலிலேயே எடுத்துவிடலாம்.