நீர்ப்பறவைகளின் இனப்பெருக்கப் பருவம்

நீர்ப்பறவைகளின் இனப்பெருக்கப் பருவம் என்பது கடல், ஆறு, ஏரி முதலிய நீர்நிலைகளைச் சார்ந்து வாழும் பறவைகள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கும் காலப்பகுதி ஆகும். குஞ்சுகளுக்கு மிகுதியான இரை தேவைப்படும் நாட்களும் அவ்விரை மிகுதியாகக் கிடைக்கும் நாட்களும் ஒன்றுபடும்போதே இனப்பெருக்கம் வெற்றி பெறுகிறது. கூடு கட்டத் தொடங்குவதற்கும் அந்நாட்களுக்கும் இடையே பல வாரங்கள் உள்ளன. எனவே பறவை, இனி வரவிருக்கும் உணவு வளத்தை முன்கூட்டியே உணர்த்தும் ஓர் அறிகுறியைக் கொண்டு செயற்பட வேண்டியுள்ளது. குளிர் நாடுகளில் இவ்வறிகுறி பெரும்பாலும் பகற்பொழுதின் நீளம் ஆகும். தமிழ்நாட்டில் கூட்டமாகக் கூடு கட்டும் நீர்ப்பறவைகளுக்கு மழையும் நீர்மட்டமும் முதன்மையான அறிகுறிகளாக உள்ளன.

இறுதிக் காரணியும் அண்மைக் காரணியும்

பறவைகளின் இனப்பெருக்கக் காலத்தை அறுதியிடும் காரணிகளை இரு வகையாகப் பிரிக்கும் வழக்கம் 1938 ஆம் ஆண்டு ஆங்கிலேய உயிரியலாளர் ஜான் பேக்கர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. குஞ்சுகளின் உணவு, கூட்டின் பாதுகாப்பு போன்றவை இறுதிக் காரணிகள். இவையே ஒரு பருவம் ஏன் ஏற்றது என்பதை விளக்குகின்றன. பகல் நீளம், மழை, வெப்பநிலை போன்றவை அண்மைக் காரணிகள். இவை பறவையின் உடலை அப்பருவத்திற்கு ஆயத்தப்படுத்துகின்றன. பறவைகளின் மூளையில் உள்ள ஒளியுணர் உயிரணுக்கள் பகல் நீள்வதை உணர, கபச் சுரப்பி சுரக்கும் இயக்குநீர்கள் இனப்பெருக்க உறுப்புகளை வளரச் செய்கின்றன.

பகல் நீளம் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் மாறுவதில்லை. வட அகலாங்கு 60 பாகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். வட அகலாங்கு 12 பாகைக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ள கள்ளக்குறிச்சியில் அது ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம் மட்டுமே. மேலும், இப்பகுதியில் உணவு வளத்தை மாற்றுவது வெயிலின் அளவை விட மழையே.

கல்வராயன் மலையும் ஏரிகளின் நாட்காட்டியும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை உள்ளது. இம்மலைநீரைப் பெறும் கோமுகி அணை (46 அடி), மணிமுக்தா அணை (36 அடி) ஆகியவை கீழேயுள்ள சமவெளியின் பாசனத்திற்குப் பயன்படுகின்றன. கோமுகி ஆறு மணிமுக்தா ஆற்றுடனும், மணிமுக்தா வெள்ளாற்றுடனும் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன.

இப்பகுதி தென்மேற்குப் பருவமழை (சூன் – செப்டம்பர்), வடகிழக்குப் பருவமழை (அக்டோபர் – திசம்பர்) ஆகிய இரண்டாலும் மழை பெறுகிறது. பொதுவாகச் சமவெளி ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றுகின்றன. மலையில் முன்னரே நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் அணைகளுக்கு முன்னதாகவே நீர்வரத்து ஏற்படும். ஆகவே நீர்நிலைகளின் பருவம் ஆண்டுதோறும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. நீர் நிரம்பிய ஏரியும் வற்றிய ஏரியும் இரு வேறு பறவைக் குழுக்களுக்கு ஏற்றவையாக உள்ளன.

நீர் நிரம்பும் காலத்தில் கூடு கட்டுபவை

நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, அரிவாள் மூக்கன் ஆகியவை நீர் சூழ்ந்த மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்பதால் தரைவழி வரும் கொன்றுண்ணிகள் கூட்டை எளிதில் அணுக இயலாது. மழைக்குப் பின் ஏரிகளிலும் நெல் வயல்களிலும் மீன், தவளை, நத்தை முதலியன பெருகுகின்றன. நீர் வடியத் தொடங்கும்போது அவை ஆழமற்ற இடங்களில் திரள்வதால் இரை பிடிப்பது எளிதாகிறது.

சங்குவளை நாரை (மஞ்சள் மூக்கு நாரை) முட்டையை ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கிறது. குஞ்சுகள் பறக்க மேலும் இரு மாதங்கள் ஆகின்றன. எனவே நீர் குறைந்தது மூன்று மாதங்களாவது நிலைத்திருக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில் பறவைகள் நவம்பர் முதல் மார்ச் வரை மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம் ஆகும்.

மழையே முதன்மையான அறிகுறி என்பதை ஒரே இனத்தின் இரு நாட்காட்டிகள் காட்டுகின்றன. தென்மேற்குப் பருவமழை பெறும் வட இந்தியாவில் சங்குவளை நாரை ஆகத்து நடுவிலேயே கூடு கட்டத் தொடங்குகிறது. தென்னிந்தியாவில் அதே நாரை அக்டோபர் அளவில் தொடங்கி பிப்ரவரி அல்லது ஏப்ரல் வரை இனப்பெருக்கம் செய்கிறது. நன்னீர் நத்தைகளை முதன்மை உணவாகக் கொண்ட நத்தை குத்தி நாரை, வறட்சி ஆண்டுகளில் இனப்பெருக்கம் செய்யாமலேயே இருந்துவிடுவதும் உண்டு.

நீர் வற்றும் காலத்தில் கூடு கட்டுபவை

ஆற்று ஆலா, ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான் ஆகியவை தரையில் முட்டையிடுகின்றன. நீர் நிரம்பிய ஏரியில் இவற்றிற்கு இடமில்லை. ஆகவே ஆற்று ஆலா மார்ச் முதல் மே வரை, நீர் குறைந்து வெளிப்படும் மணல் திட்டுகளில் முட்டையிடுகிறது. செம்மூக்கு ஆள்காட்டியின் இனப்பெருக்கம் பெரும்பாலும் மார்ச் முதல் ஆகத்து வரை நடைபெறுகிறது. கோடை வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, இது தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. அணைகளிலிருந்து திடீரெனத் திறக்கப்படும் நீரும் கோடை மழை வெள்ளமும் திட்டுகளில் உள்ள முட்டைகளை அடித்துச் செல்லக்கூடும்.

கடற்பறவைகள்

கடற்பறவைகளின் பருவம் கடலின் உணவு வளத்தைச் சார்ந்தது. மன்னார் தீவுக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள ஆதாம் பால மணல் திட்டுகளில், இலங்கை எல்லைக்குட்பட்ட பகுதியில், ஆலாக்கள் மே முதல் செப்டம்பர் வரை இனப்பெருக்கம் செய்கின்றன. இது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் ஆகும். இதே காலத்தில் தமிழ்நாட்டின் உள்நாட்டு ஏரிகள் பலவும் வறண்டு கிடக்கும்.

வேறு பகுதிகளில் பல்வேறு ஏற்பாடுகள் காணப்படுகின்றன:

* அண்டார்க்டிக்காவின் பேரரசப் பென்குயின், கடுங்குளிரான மே, சூன் மாதங்களில் முட்டையிடுகிறது. குஞ்சு கடலுக்குச் செல்லும் நாள் கோடையில் அமைய வேண்டியிருப்பதே இதன் காரணம்.
* அலையும் அல்பட்ரோசு குஞ்சு வளர்க்க ஏறத்தாழ ஓராண்டு தேவைப்படுவதால், அதில் வெற்றி பெற்ற இணை இரண்டாண்டுகளுக்கு ஒரு முறையே முட்டையிடுகிறது.
* பருவ மாற்றம் குறைவாக உள்ள அசென்சன் தீவில் கரும் ஆலா ஏறத்தாழ 9.6 மாதங்களுக்கு ஒரு முறை இனப்பெருக்கம் செய்கிறது.

வலசைப் பறவைகள் பற்றிய தவறான கருத்து

வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் அனைத்தும் வெளிநாடுகளிலிருந்து குஞ்சு பொரிக்க வருபவை என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. அங்கு கூடு கட்டும் நாரை, கொக்கு, கூழைக்கடா முதலியவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே வாழ்ந்து, நீரைத் தேடி இடம் மாறுபவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து போன்றவை வடக்கேயுள்ள நாடுகளில் கோடையில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தை மட்டும் தமிழ்நாட்டில் கழிக்கின்றன. அவை இங்கு கூடு கட்டுவதில்லை.

பருவம் தவறுதலும் பாதுகாப்பும்

அறிகுறி தோன்றும் நாளும் இரை பெருகும் நாளும் பிரிந்துவிட்டால் குஞ்சுகள் பட்டினியால் இறக்கின்றன. இது பருவப் பொருத்தமின்மை எனப்படும். உலகின் 62 கடற்பறவை இனங்களைச் சார்ந்த 145 கூட்டங்களின் தரவுகளைக் கொண்டு 2018 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, கடல்நீரின் வெப்பநிலை மாறியும் கடற்பறவைகள் பொதுவாகத் தம் இனப்பெருக்கக் காலத்தை மாற்றிக்கொள்ளவில்லை எனக் கண்டது.

நீர் நிரம்புவதைக் கண்டு தொடங்கும் பறவைகள் காலந்தாழ்ந்த மழைக்கு ஓரளவு ஈடுகொடுக்க இயலும். ஆனால் தொடங்கிய பின் நீர் விரைவில் வற்றினால் அவற்றிற்கு மாற்று வழி இல்லை. 2016 ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பை விட 62 விழுக்காடு குறைந்தது. மழை போதிய அளவு பெய்த ஆண்டிலும், ஏரி தூர்ந்து போயிருந்தாலோ நீர் முன்னதாக வெளியேற்றப்பட்டாலோ, குஞ்சுகள் பறக்கும் முன்னரே கூட்டு மரங்கள் தரையில் நிற்கும் நிலை ஏற்படும்.

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, நெடுங்காலமாக அவற்றைக் காத்து வந்தனர். அவ்வுரிமையை 1798 ஆம் ஆண்டு ஆட்சியர் லயோனல் பிளேசு எழுத்து மூலம் ஏற்றார். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி பறவைகள் காப்பகத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் வாரங்களிலேயே தீபாவளியும் வருவது குறிப்பிடத்தக்கது.