குருதி ஒளியளவியல்

குருதி ஒளியளவியல் என்பது குருதியும் திசுவும் ஒளியை உறிஞ்சும், சிதறடிக்கும் பண்புகளையும் ஒளிரும் பண்பையும் அளந்து அவற்றின் நிலையை அறியும் முறையாகும். உறிஞ்சல், சிதறல், ஒளிர்வு, இராமன் நிறமாலை என இது வகைப்படும்.

இவற்றுள் பரவலானது ஹீமோகுளோபின் அளவீடு. 20 மைக்ரோலிட்டர் குருதியை 5 மி.லி. டிராப்கின் கரைசலில் கலந்தால் நிலையான சயன்மெத்ஹீமோகுளோபின் உண்டாகும். 540 நானோமீட்டரில் அதன் உறிஞ்சலை ஒளிமானி அளக்கும். பீர்–லாம்பர்ட் விதிப்படி உறிஞ்சல் செறிவுக்கு நேர்விகிதத்தில் அமையும். திசுவில் சிதறல் மிகுதி என்பதால் அங்கு இவ்விதி அப்படியே பொருந்தாது.

நாடித்துடிப்பு ஆக்சிஜன்மானி விரலின் வழியே ஏறத்தாழ 660, 940 நானோமீட்டர் ஒளிகளைச் செலுத்துகிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் முதலாவதையும், ஆக்சிஜன் ஏற்றது இரண்டாவதையும் மிகுதியாக உறிஞ்சும். இதன் கோட்பாட்டை ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970களில் வகுத்தார். கருநிறத் தோலில் இக்கருவி குருதியின் ஆக்சிஜன் அளவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தமிழகத்தில் இது கட்டாயம் கருத்தில் கொள்ளவேண்டிய குறை.

1928இல் சி. வி. இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு திசு ஆய்வில் பயன்படுகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறை, புற்றுநோயைக் கண்டறியக் குருதி, திசு ஆகியவற்றின் இயல்பொளிர்வை ஆராய்ந்துள்ளது.

தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த சித்தேரி போன்ற மலைப்பகுதிகளுக்குக் கையடக்க ஹீமோகுளோபின்மானி பெரிதும் ஏற்றது. விரல்நுனிக் குருதித்துளி ஒன்றே போதும். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 2018இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டமும் எண்முறை ஹீமோகுளோபின்மானியையே பரிந்துரைக்கிறது.