பஞ்ச காலத்து உணவு: ஜைத்தூன் எண்ணெயின் வரலாறு

அருள்மறை குர்ஆன் ஜைத்தூனைப் பல இடங்களில் நினைவூட்டுகிறது. 95ஆம் அத்தியாயம் அத்தியின் மீதும் ஜைத்தூனின் மீதும் சத்தியமிட்டுத் தொடங்குகிறது. 24:35 வசனம் அதனைப் பாக்கியம் பெற்ற மரம் என்கிறது. அம்மரத்தின் எண்ணெயை உண்ணுமாறும் உடலில் பூசிக்கொள்ளுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. அதனை அறிவிப்பவர் உமர் (ரலி) அவர்கள்.

அந்த உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18இல், அரபுத் தீபகற்பத்தைக் கடும் பஞ்சம் வாட்டியது. மழையின்றி மண் சாம்பல் நிறமானதால் அது ‘சாம்பல் ஆண்டு’ எனப்பட்டது. சிரியாவிலிருந்து தானியம் வரவழைத்த கலீஃபா, மக்களின் துயர் தீரும்வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என உறுதிபூண்டார்கள். ரொட்டியும் எண்ணெயுமே அவர்களின் உணவாயின. அதனால் அவர்களின் மேனி நிறமே கறுத்தது என வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். நெய் வசதியின் அடையாளமாகவும் எண்ணெய் எளியோரின் உணவாகவும் இருந்த காலம் அது.

பின்னர் முஸ்லிம்கள் ஆண்ட அந்தலுஸில் இம்மரம் செழித்தது. 12ஆம் நூற்றாண்டில் செவில்லைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் தம் வேளாண்மை நூலில் இதன் சாகுபடியை விரிவாக எழுதினார். எண்ணெயைக் குறிக்கும் ‘அஸெய்தே’ என்னும் ஸ்பானியச் சொல், ‘அஸ்ஸைத்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. துனிஸ் நகரின் தொன்மையான பள்ளிவாசல் இன்றும் ஜைத்தூனா என்றே அழைக்கப்படுகிறது. பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரம் இவ்வெண்ணெயில் காய்ச்சிய சோப்பால் புகழ்பெற்றது.

இவ்வெண்ணெயில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒலீயிக் அமிலம் என்னும் நற்கொழுப்பு உள்ளது. வைட்டமின் ஈயும் உண்டு. ஸ்பெயினில் இதய நோய் அபாயமுள்ள சுமார் 7,400 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியாகி, திருத்தங்களுடன் 2018இல் மறுபடியும் வெளியிடப்பட்டது. காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த உணவுடன் முதல்தர ஜைத்தூன் எண்ணெயை உண்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 விழுக்காடு குறைவாக ஏற்பட்டதை அது காட்டியது. ஆயினும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. நெய்க்கும் வனஸ்பதிக்கும் மாற்றாகக் கொண்டால் பயன் தரும். பிரியாணி நெய்யின் மீது கூடுதலாக ஊற்றினால் எடையே ஏறும்.

இன்று நம் கடைகளில் ‘சுன்னத்தான எண்ணெய்’ என்னும் பெயரில் இது உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு இதனைக் குடிக்கலாம் என்போரும் உளர். மார்க்கத்தின் பெயரால் நோயாளியை ஆபத்தில் தள்ளுவது பெரும் அநீதி. வாங்க இயன்றோர் வாங்கி அளவோடு உண்ணலாம். இயலாதோர் கடன்பட வேண்டியதில்லை. நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அதே ஒலீயிக் அமிலம் கணிசமாக உள்ளது.

அண்டை வீட்டார் பசித்திருக்கையில் தம் தட்டிலிருந்து நெய்யை விலக்கிய உமர் (ரலி) அவர்களின் வழிமுறையே இவ்வெண்ணெய் நமக்கு உணர்த்தும் முதற்பாடம். அதனைப் பின்பற்றும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.