பிரெஸ்னோவுக்குத் தபாலில் வந்த கடன்

எங்கள் ஊர்ச் சின்னக் கடைகளில் ஒரு கொப்பி இருக்கும். "மாசம் முடியத் தாறன் அண்ணை" எண்டு சொன்னால், அரிசியும் பருப்பும் அந்தக் கொப்பியில் ஏறிவிடும். கையெழுத்து இல்லை, வட்டியும் இல்லை. கடைக்காரருக்கு எங்கள் அப்பாவைத் தெரியும், சம்பளம் எப்ப வரும் எண்டும் தெரியும். அந்த அறிமுகம்தான் கடனுக்குப் பிணை.

கடனட்டையின் வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு அடிக்கடி இந்தக் கொப்பிதான் ஞாபகம் வரும். ஏனெண்டால், கடனட்டை வந்ததும் இதேபோன்ற ஒரு கொப்பியின் இடத்துக்குத்தான்.

1958 செப்டெம்பர் 18. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரெஸ்னோ என்ற நகரம். பாங்க் ஒஃப் அமெரிக்கா அங்கே கிட்டத்தட்ட 60,000 பேருக்குத் தபாலில் ஒரு அட்டையை அனுப்பியது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. கடிதத்தைப் பிரித்தால் உள்ளே சில நூறு டொலர் கடன் தயாராக இருந்தது. அட்டையின் பெயர் பாங்க்அமெரிகார்ட். இன்றைக்கு எங்கள் பேர்ஸுக்குள் இருக்கும் விசாவின் பழைய பெயர் அதுதான்; 1976இல்தான் பெயர் மாறியது.

இதற்கு முன்னரும் அட்டைகள் இருந்தன. 1950இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியது. ஆனால் அந்த அட்டைக்காரர் மாத முடிவில் முழுக் காசையும் கட்டவேண்டும். அது பெரும்பாலும் வியாபாரப் பயணிகளுக்கும் உணவகங்களுக்குமான ஏற்பாடு. பிரெஸ்னோ அட்டையில் புதிதாக இருந்தது வேறொன்று: முழுக்கக் கட்டத் தேவையில்லை. கொஞ்சம் கட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். தள்ளும் மிச்சத்துக்கு ஆண்டுக்கு 18 வீத வட்டி.

பிரெஸ்னோவின் சின்னக் கடைக்காரர்கள் இதை வரவேற்றார்கள். பெரிய கடைகள் தங்கள் சொந்தக் கடன் கணக்கை நடத்த ஆள் வைத்திருந்தன. சின்னக் கடைக்காரரோ இரவில் இருந்து கொப்பி பார்த்து, பில் எழுதி, காசு கேட்டு அலையவேண்டும். அந்தத் தலையிடியை வங்கி எடுத்துக்கொண்டது. பதிலுக்கு விற்பனையில் 6 வீதம்வரை கட்டணமாகப் பிடித்தது. இந்தக் கட்டணத்தை மறக்கவேண்டாம். பின்னால் இதுதான் புள்ளிகளாகவும் விமானச் சீட்டாகவும் மாறப்போகிறது.

திட்டத்தை நடத்தியவர் ஜோசப் வில்லியம்ஸ் என்ற வங்கி அதிகாரி. நேரத்துக்குக் கட்டாதவர்கள் 4 வீதம்தான் இருப்பார்கள் எண்டு அவர் கணக்குப் போட்டிருந்தார். நடந்தது 22 வீதம். களவெடுத்த அட்டைகளும் மோசடிகளும் வேறு. முதல் 15 மாதத்தில் 88 இலட்சம் டொலர் நட்டம் எண்டு வங்கி கணக்குக் காட்டியது. 1959 டிசெம்பரில் வில்லியம்ஸ் வேலையை விட்டுப் போனார். கொப்பிக்காரருக்கு ஆளைத் தெரியும். வங்கிக்கோ முகவரி மட்டும்தான் தெரிந்தது.

ஆனாலும் வங்கி கைவிடவில்லை. அறவிடும் முறையை இறுக்கியது, 1961 அளவில் இலாபமும் வந்தது. மற்ற வங்கிகளும் இறங்கின. கேட்காதவர்களுக்கு அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970இல்தான் சட்டத்தால் தடுத்தது. இன்னொரு பக்கம், ஒரு பெண் தன் பெயரில் கடன் கேட்டால் கணவனின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. அதைத் தடுக்கும் சமவாய்ப்புக் கடன் சட்டம் 1974இல் வந்தது. அதாவது ஒருவருக்குக் கேட்காமலே கடன். இன்னொருவருக்குக் கேட்டாலும் இல்லை. கடன் கிடைப்பதும் ஒரு உரிமைப் பிரச்சினைதான் எண்டதை நாங்கள் மறக்கக்கூடாது.

1970களின் கடைசியில் பணவீக்கம் ஏறியது. பல மாநிலங்களில் வட்டிக்குச் சட்டபூர்வ உச்சவரம்பு இருந்தது. காசு வாங்கும் விலை கூடியும், விற்கும் விலையைக் கூட்டமுடியாமல் வங்கிகள் தவித்தன. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: ஒரு தேசிய வங்கி, தான் அமைந்திருக்கும் மாநிலத்தின் வட்டி வீதத்தையே வேறு மாநில வாடிக்கையாளரிடமும் அறவிடலாம். பிறகென்ன, உச்சவரம்பு இல்லாத மாநிலத்தைத் தேடிப்போனால் போதும். தெற்கு டக்கோட்டா 1980இல் உச்சவரம்பை நீக்கியது; நியூயோர்க்கின் சிற்றி பாங்க் தன் கடனட்டைப் பிரிவை அங்கே கொண்டுபோனது. ஒரு சின்ன மாநிலத்தின் சட்டம் முழு நாட்டின் வட்டியையும் தீர்மானித்தது.

எங்களுக்கும் இது புதிசில்லை. இலங்கை மத்திய வங்கி 2020இல் கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு வைத்தது. 2022 நெருக்கடியில் அது நீக்கப்பட்டது, வட்டி வேகமாக ஏறியது. அரிசி விலை ஏறிய அதே மாதங்களில் அட்டையில் வாங்கிய அரிசிக்கான வட்டியும் ஏறியது.

இனிப் புள்ளிகளின் கதை. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. போட்டி கூடியதும் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 மே 1 அன்று மைல் திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரத்தைச் சேர்த்தால் இலவசப் பயணம். 1987இல் சிற்றி பாங்கோடு சேர்ந்து ஒரு அட்டை வந்தது: ஒரு டொலர் செலவழித்தால் ஒரு மைல். விமானத்தில் ஏறாமலே மைல் சேர்க்கலாம். அந்த மைல்களை வங்கி விமான நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்குகிறது. இந்த வியாபாரம் எவ்வளவு பெரிசாகியது எண்டால், 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது யுனைட்டட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே பிணையாக வைத்து 680 கோடி டொலர் திரட்டியது.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பிரெஸ்னோவில் பார்த்த கடைக் கட்டணத்திலிருந்து. அவுஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003இல் வங்கிகளுக்கிடையிலான அட்டைக் கட்டணத்தைக் குறைத்ததும், அங்கே புள்ளித் திட்டங்கள் மெலிந்தன. கடைக்காரர் அந்தக் கட்டணத்தைச் சாமான் விலையில் சேர்ப்பார். காசு கொடுத்து வாங்குபவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். பொஸ்டன் பெடரல் ரிசேர்வ் வங்கியின் 2010ஆம் ஆண்டு ஆய்வு அமெரிக்க நிலைமையை இப்படிக் கணித்தது: காசில் வாங்கும் குடும்பம் சராசரியாக வருசத்துக்கு 149 டொலரை இழக்கிறது, அட்டைக் குடும்பம் 1,133 டொலர் பெறுகிறது. இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்கு, சத்தமில்லாமல்.

மற்றப் பகுதி வட்டி. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபாவுக்கு அட்டையில் சாமான் வாங்குகிறீர்கள். நூற்றுக்கு ஒன்று வீதம் புள்ளி கிடைத்தால், ஆயிரம் ரூபா இலாபம். ஆண்டுக்கு 24 வீத வட்டியில் அந்தத் தொகையை ஒரே ஒரு மாதம் தள்ளினால் வட்டி இரண்டாயிரம். புள்ளி போய், மேலே ஆயிரமும் போயிற்று. பாக்கி வைத்தால், பொதுவாக அடுத்து வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. அட்டையால் காசாக எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி.

ஆகவே அட்டையால் நன்மை எடுக்க வழி ஒன்றுதான்: ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டுவது. கையில் காசு இருக்கிற சாமானை மட்டும் அட்டையில் வாங்குவது. முடியாவிட்டால் புள்ளியை மறந்து, வட்டி குறைந்த கடனைத் தேடுவது. அமெரிக்க அட்டைத் தொழிலில் மாதாமாதம் முழுக்கக் கட்டுபவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கடனைக் கட்டாமல் ஏய்ப்பவரைத் திட்டும் சொல் அது. நேர்மையாகக் கட்டுபவர்தான் அவர்களுக்கு நட்டம்.

கடைக்காரர் அண்ணை கொப்பியில் எழுதும்போது, நாங்கள் கெதியாகக் கட்டவேண்டும் எண்டுதான் விரும்புவார். அட்டை தந்தவர் நாங்கள் மெதுவாகக் கட்டுவதை விரும்புகிறார். கையெழுத்து வைக்கும்போது இந்த ஒரு வித்தியாசம் எங்களுக்கு நினைவிருந்தால் போதும்.