ஒஸ்தாவின் கையும் ஒன்பது இலக்கங்களும்

தாடி வைத்துக்கொண்டு மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவர் சவரக் கருவிகளைச் சேகரித்து வருகிறார் என்று கேள்வியுற்றால் எவருக்கும் நகைப்புத் தோன்றுவது இயல்பே. சுரக்குடியில் நம் இல்லத்துக்கு வரும் அன்பர்களும் அலமாரியைத் திறந்து காட்டியவுடன் முதலில் நகைக்கிறார்கள். பின்னர் ஒன்றைக் கையிலெடுத்து அடிக்குமிழைத் திருகுகிறார்கள். தலைப்பகுதி இரு கதவுகளாகத் திறந்து மூடுகிறது. "இன்னொரு தடவை திருகிப் பார்க்கட்டுமா, ஹஜ்ரத்?" என்கிறார்கள்.

பத்துக்கு மேல் நம்மிடம் இல்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுதவே எழுதுகோலை எடுத்தோம். எனினும் அதன் குலமரபைச் சொல்லாமல் அதன் கதையைச் சொல்ல இயலாது.

மழித்தல் நம் வாழ்வுக்குப் புறம்பான செய்தியன்று. பிறந்த ஏழாம் நாள் குழந்தைக்குத் தலைமுடி இறக்குகிறோம். ஹஜ்ஜுக்குச் செல்வோர் தலையை மழிக்கவோ முடியைக் குறைக்கவோ செய்கின்றனர். அல் ஃபத்ஹு அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் இரண்டும் குறிப்பிடப்படுகின்றன. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632இல், மினாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் நாவிதரிடம் தம் தலையின் வலப்புறத்தை முதலிலும் இடப்புறத்தை அடுத்தும் காட்டினார்கள் என்பது ஹதீது நூல்களில் பதிவாகியுள்ளது. அரபியில் சவரக் கத்திக்கு 'மூஸா' என்றே பெயர். ஓதும் பிள்ளைகள் இதைக் கேட்டு ஒவ்வோர் ஆண்டும் விழிப்பார்கள்.

நம் ஊர்களில் இப்பணிகளைச் செய்தவர் ஒஸ்தா. 'உஸ்தாத்' என்னும் பாரசீகச் சொல்லின் தேய்ந்த வடிவம் அது. ஓதிக்கொடுக்கும் ஆசிரியருக்கும் அதுவே பெயர்! ஆகவே அவரும் நாமும் ஒரே பட்டத்துக்கு உரியவர்கள். மரியாதை மட்டும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. ஒஸ்தாவின் அடைப்பத்தில் மடக்குக் கத்தி, தீட்டுக்கல், தோல்வார், கிண்ணம் இவையே இருக்கும். கூலியைக் காசாகப் பெறுவது அரிது. அறுவடை முடிந்ததும் களத்தில் அளக்கும் நெல்லே அவருடைய ஆண்டு வருவாய்.

அக்கத்தியில் காப்பு எதுவும் கிடையாது. தோலுக்கும் கூருக்கும் இடையில் நிற்பது ஒஸ்தாவின் மணிக்கட்டு ஒன்றுதான். கன்னத்தில் ஒரு சாய்வு, தொண்டையில் ஒரு சாய்வு, காதின் பின்புறம் வேறொரு சாய்வு என அவர் மாற்றிக்கொண்டே போவார். எவரும் அதை அவருக்கு ஏட்டில் எழுதிக் கற்பித்ததில்லை.

அந்த மணிக்கட்டின் அறிவைக் கருவிக்குள் அடக்க முயன்றவர்களுள் முற்பட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ழான் ழாக் பெரே என்னும் கத்திக் கொல்லர், தன்னைத் தானே மழித்துக்கொள்ளும் கலையைக் கற்பிக்கும் நூலொன்றை 1769இல் வெளியிட்டார். தச்சரின் இழைப்புளியைக் கண்டு அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. சவரக் கத்தியின் விளிம்பு சிறிதளவே வெளியே தெரியும்படி மரக்காப்புப் பொருத்தினார். இழைப்புளியில் உளியைத் தட்டி எவ்வளவு வெளியே நீட்டுகிறோமோ அவ்வளவு சீவல் வரும் என்பதைத் தச்சுப் பட்டறையில் நின்றவர் அறிவர். பின்னர் வந்த எல்லாக் கருவிகளுக்கும் கரு இதுவே.

கூர் தீட்ட வேண்டாத பிளேடு வர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கிங் கேம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர் புட்டி மூடி விற்கும் முகவராக இருந்தவர். பயன்படுத்தியபின் எறிந்துவிடும் பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்குமாறு அவருடைய முதலாளி அறிவுறுத்தினாராம். 1895இல் அவருக்குத் தோன்றிய எண்ணத்தைச் செயலாக்கியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்; தாள்போன்ற மெல்லிய எஃகைக் கோணாமல் பதப்படுத்தக் கண்டவர் அவரே. 1903இல் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டில் கருவி விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. காப்புரிமை 1904 நவம்பர் 15இல் கிடைத்தது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபின் அந்நாட்டு அரசு படைவீரர்களுக்கென்று வாங்கியவை 35 லட்சம் கருவிகள். கைப்பிடியை இலவசமாகக் கொடுத்துப் பிளேடில் பொருள் ஈட்டியவர் ஜில்லெட் என்று வணிகம் கற்பிப்போர் இன்றும் சொல்வது பிழை. காப்புரிமை காலாவதியான 1921 வரை அவர் கருவியை 5 டாலர் என்ற உயர்ந்த விலைக்கே விற்றார். மலிவு அதன் பின்னரே வந்தது.

அந்த முதற் கருவியிலேயே ஒரு நுட்பம் உண்டு. கைப்பிடியைச் சற்றே தளர்த்தினால் வளைந்து நிற்கும் பிளேடு நிமிர்ந்து அதன் விளிம்பு கூடுதலாக வெளிப்படும், இறுக்கினால் உள்ளடங்கும். ஆனால் எவ்வளவு தளர்த்தினோம் என்பதற்குக் கணக்கு இல்லை. நேற்றைய அளவை இன்று கைதான் நினைவுகூர வேண்டும்.

அக்கணக்கை 1958இல் ஜில்லெட் நிறுவனம் கருவியிலேயே பொறித்தது. 195 என்னும் எண்ணால் அழைக்கப்பட்ட அக்கருவிக்குச் சேகரிப்போர் இட்ட பெயர் 'ஃபேட் பாய்', அதாவது குண்டுப் பையன். கழுத்துப் பகுதியில் 1 முதல் 9 வரை இலக்கமிட்ட வளையம் உண்டு. ஒன்றில் வைத்தால் பிளேடின் விளிம்புக்கும் காப்புச் சட்டத்துக்கும் இடைவெளி மிகச் சிறியது. ஒன்பதில் மிகப் பெரியது. 1961இல் மெலிந்த கைப்பிடியுடைய 'ஸ்லிம்' இதன் இடத்தைப் பிடித்தது. தலைப்பகுதியின் அடிப்புறத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும்.

நம்மிடமுள்ள கருவியில் 'எஃப்' எழுத்தும் 2 என்ற எண்ணும் உள்ளன. ஆகவே 1960இன் இரண்டாம் காலாண்டில் செய்யப்பட்டது. சைகோனில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் திரும்பிய நம் பாட்டனாருக்குக் கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் அன்பளிப்பாகக் கொணர்ந்தது அது. ஊரார் பாட்டனாரைச் 'சொல்தா' என்பர். கஞ்சி போட்ட சட்டை, நேர நெறி, எல்லாம் படைவீரருக்குரியவை. அவர் அக்கருவியை ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். "நானே வழித்துக்கொண்டால் ஒஸ்தாவுக்குக் களத்தில் என்ன சொல்லி நெல் அளப்பது?" என்பது அவர் கேள்வி. வெள்ளிதோறும் காலையில் ஒஸ்தா திண்ணைக்கு வருவார்; தலையை மழித்து, தாடியின் ஓரத்தைச் செப்பம் செய்துவிட்டுப் போவார்.

நமக்கு எட்டு வயதிருக்கும். ஒஸ்தாவின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் சிலர் மறைவாகக் காரைக்கால் கடைக்குப் போனார்கள். பின்பு பலர் போனார்கள். ஒரு வெள்ளியன்று பாட்டனாரின் காதோரம் கீறல் விழுந்து இரத்தம் சட்டைக் காலருக்கு இறங்கியது. ஒஸ்தா கத்தியை மடக்கி அடைப்பத்தில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். சலாம் சொல்லவும் நா எழவில்லை. பாட்டனார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

வளையத்தை இரண்டில் வைத்தார்கள். அந்த இடைவெளியில் நடுங்கும் கையும் தோலைக் கிழிக்கவில்லை. ஏழு நாள் முடிக்கு இரண்டு சற்றுக் குறைவுதான். ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது. அரை மணி வேலை ஒரு மணியாயிற்று. பாட்டனார் அசையாமல் அமர்ந்திருந்தார். நாவிதரே வேண்டா என்று செய்யப்பட்ட கருவி, ஒரு நாவிதரை அவருடைய தொழிலில் மேலும் நான்கு ஆண்டுகள் நிறுத்தியது. பாட்டனாரின் மவுத்துவரை அவ்வீட்டு நெல்லும் நிற்கவில்லை. மவுத்துக்குப் பின் கருவி ஒஸ்தாவின் வீட்டுக்குப் போயிற்று; அவர் அதை வேறெவர் தலையிலும் வைத்ததில்லை என்பார்கள்.

பல்லாண்டுகளுக்குப் பிறகு வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த அவர் மகன் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "உங்க வீட்டுச் சாமான், ஹஜ்ரத்" என்று நீட்டினார். வாங்க மறுத்தோம். அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். நம் சேகரம் அன்று தொடங்கியது.

தொடக்கமே பிழையாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடற்காற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்த கருவியைப் பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தோம். உள்ளே பித்தளைதான்; ஆனால் மேலே நிக்கல் பூச்சு. கைப்பிடியின் ஒரு பக்கம் மஞ்சளித்துப்போயிற்று. இன்றும் அப்படியே உள்ளது.

அன்பர்களின் இல்லங்களில், சிங்கப்பூருக்கோ சைகோனுக்கோ பாரிஸுக்கோ போய்வந்த பெரியவர்களின் பெட்டியில், இத்தகையது கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டா. வெந்நீரில் சோப்புக் கரைத்து ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். வளையத்தைத் திருப்புமுன் அடிக்குமிழைச் சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் பொறி தேயும். இருபக்கக் கூருள்ள பிளேடு நம் நாட்டிலேயே செய்யப்பட்டுக் கடைகளில் கிடைக்கிறது. அறுபது ஆண்டுக்கு முந்திய கருவியிலும் சரியாகப் பொருந்தும். அதே பிளேடைப் பாதியாக ஒடித்துத்தான் இன்றைய சவரக் கடைக்காரர் தம் கத்தியில் செருகுகிறார். முதல் முறை இரண்டிலோ மூன்றிலோ தொடங்கலாம். கருவியின் எடையே போதும், அழுத்த வேண்டா. ஒன்பதில் நாம் ஒரே ஒருமுறை வைத்துப் பார்த்தோம். அன்று ஜும்ஆவுக்குக் கழுத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு போகவேண்டியதாயிற்று.