அஸ்ட்ரோசாட் கண்டுபிடிப்புகள்

அஸ்ட்ரோசாட்: பல அலைநீளங்களில் வானை ஆராய்வதற்கென இந்தியா ஏவிய முதல் விண்வெளித் தொலைநோக்கி. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 650 கி.மீ. உயரத்தில் நிலநடுக்கோட்டையொட்டிய சுற்றுப்பாதையை அடைந்தது. புற ஊதா, எக்ஸ் கதிர்களின் பெரும்பகுதியை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் காவலூர் போன்ற தரை ஆய்வகங்களை அவை எட்டுவதில்லை.

ஐந்து கருவிகளுள் புற ஊதாத் தொலைநோக்கியின் பணி தனிச்சிறப்புடையது. என்.ஜி.சி. 188 விண்மீன் கொத்தில், உடன் பிறந்தவற்றைவிட இளமையாகத் தோன்றும் நீல விண்மீன் ஒன்றுக்குச் சூடான துணை விண்மீன் இருப்பதை அது காட்டியது (2016). அதே ஆண்டு அக்டோபரில், வானின் ஒரு சிறு பகுதியையே 28 மணி நேரத்துக்கும் மேலாக நோக்கியது. ஏறத்தாழ 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஏ.யு.டி.எஃப்.எஸ்.01 என்னும் விண்மீன் மண்டலத்திலிருந்து புறப்பட்ட ஆற்றல்மிக்க புற ஊதாக் கதிர்கள் அதில் பதிவாயின. புனே வானியலாளர் கனக் சாகா தலைமையிலான பன்னாட்டுக் குழு இம்முடிவை 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர் விட்டமுடையது; இந்தப் புற ஊதாத் தொலைநோக்கியினுடையதோ ஏறத்தாழ 38 செ.மீ. மட்டுமே. உணர்கருவியின் பின்னணி இரைச்சல் மிகக் குறைவாயிருந்ததே இந்த அரிய வெற்றிக்குக் காரணம்.

அஸ்ட்ரோசாட்டின் மற்றொரு கருவி, நண்டு நெபுலாவின் துடிவிண்மீன் உமிழும் எக்ஸ் கதிர்களின் முனைவாக்கத்தை அளந்தது; அம்முடிவு 2017இல் வெளியாயிற்று.