சீமெண்ணெய் வந்த வீடு

1908 மார்ச் 13. வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் முந்தின நாள் கைது செய்துவிட்டார்கள். திருநெல்வேலி கொதித்துப்போனது. தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், நகராட்சி அலுவலகம் என்று வரிசையாகத் தீ! துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் பலியானார்கள். இதுவரை நீங்கள் படித்திருப்பீர்கள். அன்று எரிந்தவற்றில் நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் ஒன்று. தெருவிளக்குகூட மண்ணெண்ணெயில் எரிந்த காலம் அது!

அமெரிக்கா, ரஷ்யா, பர்மா என்று எங்கெங்கிருந்தோ கப்பலேறி, தகர டின்னில் வந்த சரக்கு. கடல் தாண்டி வந்ததால் சீமை எண்ணெய். நெல்லைப் பேச்சில் சீமெண்ணெய். அதற்கு முன்னால் தாமிரபரணிக் கரை வீடுகளில் எரிந்ததெல்லாம் புன்னை, இலுப்பை, ஆமணக்கு எண்ணெய்கள்தான். ஆமணக்கு எண்ணெய்க்கு 'விளக்கெண்ணெய்' என்று பேர் வந்ததே அதனால்தான். (பிற்பாடு அது வயிற்றைச் சுத்தம் பண்ணவும், ஆளைத் திட்டவும் மட்டும் என்றாகிவிட்டது, பாவம்!)

புது எண்ணெய் பளிச்சென்று எரிந்தது. ஆனால், அதில் ஒரு விபரீதம் இருந்தது. விளக்கெண்ணெய் லேசில் பற்றாது. 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவியே தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய்? '35 டிகிரிக்குக் கீழே பற்றக் கூடாது' என்பதுதான் நம் நாட்டுத் தர விதி. நெல்லையின் சித்திரை வெயிலே அதைத் தாண்டிவிடும்!

அப்படிப்பட்ட எண்ணெயை மருந்து பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு, திரி சொருகி, பனையோலைக் கூரைக்குக் கீழே வைத்துப் புழங்கினார்கள். பூனை தட்டிவிட்டால் போதும். ஒரு குடிசையில் பற்றினால் காற்றடிக்கிற பக்கத்து வரிசைக்கும் ஆபத்து.

சிம்னி விளக்கை ஓரங்கட்டியது மின்சாரம். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. தாமிரபரணித் தண்ணீரே விளக்கேற்ற ஆரம்பித்தது. ஆனால், சீமெண்ணெய் வீட்டைவிட்டுப் போகவில்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்கு நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான். 1892-ல் ஸ்வீடனில் பிறந்த பம்பு ஸ்டவ், இங்கே புகையில்லாத வரமாக வந்து இறங்கியது.

அடுத்து வந்தது, நாளிதழ்களில் ஒரு நிரந்தர வரி. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி.'

ஸ்டவ் நிஜமாகவே வெடிக்கும். துவாரம் அடைத்திருக்க, காற்றை அடித்துக்கொண்டே இருந்தால் வெடிக்கும். எரியும்போதே எண்ணெய் ஊற்றினால் குபீரென்று பற்றும். நைலான் புடவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரி... அதென்ன, ஸ்டவ் எப்போது பார்த்தாலும் புதுசாகக் கல்யாணமான மருமகள்களைப் பார்த்தே வெடிக்கிறது? இந்தக் கேள்வியை நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்டன. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1986-ல் 'வரதட்சணை மரணம்' தனிக் குற்றமானது. 'திருமணமாகி 7 ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மாதிரியான பெரியாஸ்பத்திரிகளின் தீக்காய வார்டுக்கு மாஜிஸ்திரேட் வந்து, சாகக் கிடப்பவளிடம் வாக்குமூலம் வாங்குவதும் சும்மா சடங்கு இல்லை. வீட்டுக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று, அவள் சொல்வது வேறொன்றாக இருந்த வழக்குகள் எத்தனையோ!

2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு ஏழைகளுக்கு கேஸ் அடுப்பை இலவசமாகக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. பம்பு ஸ்டவ் பரணுக்குப் போனது. சாதாரண விஷயமில்லை இது. பல பெண்களின் உயிரை இது காப்பாற்றியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

கேஸுக்கும் அதற்கே உரிய குணம் உண்டு. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், ஃபேன் போடாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறங்கள். மீறிக் கை சுட்டுக்கொண்டால் தோசை மாவும் வேண்டாம், இங்க்கும் வேண்டாம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டினால் போதும். பெரிய காயமென்றால் உடனே ஆஸ்பத்திரி.

கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கிய வருஷம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போனை மட்டும் வாசலுக்கு வந்து போடுங்கள், அடுப்படியில் நின்றுகொண்டு வேண்டாம்.